முட்டிச்சில்லு நழுவுது... மூட்டும் தேயுது! ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டரிடம் கேட்க வேண்டியது என்ன?

சென்னை:

மாடிப்படி இறங்கும்போது முட்டிக்குள்ளே 'கடக்'கென்று ஒரு சத்தம். அடுத்த நொடியே கால் மடங்குகிறது. கைப்பிடியைப் பிடிக்காவிட்டால் உருண்டு விழ வேண்டியதுதான்.

"முட்டி வழுக்கிடுச்சு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் நிறைய. இவர்களில் பலருக்கு வலியும் சேர்ந்தே இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது. உடனே அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "தேஞ்சு போச்சுல்ல, மூட்டை மாத்திட வேண்டியதுதானே?"

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வயசாகித் தேய்ந்த மூட்டு வேறு. சில்லு தன் இடத்தில் நிற்காமல் வருடக்கணக்கில் நழுவி நழுவித் தேய்ந்த மூட்டு வேறு. இரண்டாவது வகைக்காரர்களுக்குத் தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதாது. சில்லு ஏன் நழுவுகிறது என்று கண்டுபிடித்து அதையும் சரி செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது மூட்டு வைத்த பிறகும் பழைய சில்லு தன் வேலையைக் காட்டிவிடும்.

பூக்காரம்மாவின் முட்டி

ஒரு பூக்காரம்மாவை வைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். வயது 54 என்று வைத்துக்கொள்ளலாம். 15 வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் கோகோ விளையாடும்போது சட்டென்று திரும்பியதில் வலது முட்டிச்சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. காலை நீட்டியதும் அதுவே உள்ளே போய்விட்டது. எண்ணெய் போட்டு நீவித் துணியைச் சுற்றினார்கள். மூணு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அத்தோடு வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

முட்டி மறக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று நழுவிக்கொண்டே இருந்தது. பஸ் படியில் ஒரு தடவை, மாவு அரைக்கப் போன இடத்தில் ஒரு தடவை. கல்யாணம், குழந்தைகள், கோயில் வாசலில் 30 வருடம் தரையில் உட்கார்ந்து பூக்கட்டும் வேலை. இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சமதரையில் ஓரளவு நடக்கிறார். படி என்றால் பயம். குந்தினால் உயிர் போகிற வலி. கடைக்குப் போகாத நாளெல்லாம் வருமானம் இல்லாத நாள்.

இந்த அறிகுறியிலேயே பாதி துப்பு கிடைத்துவிடுகிறது. சமதரையில் நடக்க முடிகிறது, ஆனால் படியும் குந்துவதும்தான் எமன் என்றால், தேய்மானம் சில்லுக்குப் பின்னால் இருக்கிறது என்று டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள்.

கிணத்து ராட்டினம் மாதிரி

முட்டிச்சில்லு சும்மா அழகுக்கு ஒட்டியிருக்கும் எலும்பு இல்லை. தொடையின் முன்பக்கத் தசை கீழே இறங்கி, சில்லைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, முட்டிக்குக் கீழே கையால் தடவினால் தட்டுப்படுகிற சின்ன எலும்பு மேட்டில் போய் முடிகிறது. தொடை எலும்பின் கீழ் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடும். கிணத்து ராட்டினத்தில் கயிறு ஓடுகிற மாதிரிதான்.

ராட்டினத்தின் பள்ளம் ஆழமாக இருந்தால் கயிறு ஓடும். பள்ளம் தட்டையாக இருந்தாலோ, கயிற்றைப் பக்கவாட்டில் நின்று இழுத்தாலோ என்ன ஆகும்? கயிறு விளிம்பில் உரசும், ஒரு நாள் நழுவும். முட்டியிலும் இதே கதைதான்.

உடம்பிலேயே தடிமனான குருத்தெலும்பு இருப்பது இந்தச் சில்லின் பின்புறத்தில்தான். காரணம், அதன் மேல் விழும் பாரம் அப்படி. சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதி அழுத்தம் விழும். படி ஏறும்போது அது சுமார் 3 மடங்காகிறது. முழுசாகக் குந்தும்போது 7, 8 மடங்கு வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் குந்தி எழுந்தால் அந்தச் சின்ன எலும்பு கிட்டத்தட்ட அரை டன் பாரத்தைத் தாங்குகிறது. சில்லு நேராக ஓடினால் இந்தப் பாரம் பரவலாக இறங்கும். ஓரமாக ஓடினால் மொத்தமும் ஒரே விளிம்பில் விழும். அந்த விளிம்புதான் முதலில் தேயும்.

ஏன் நழுவுது?

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த டாக்டர் ஆன்ரி டெஜூர் குழுவினர், சில்லு நழுவுகிறவர்களின் எக்ஸ்ரேக்களையும் சிடி ஸ்கேன்களையும் ஆராய்ந்து 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் அந்த வழியில்தான் யோசிக்கிறார்கள். தொடை எலும்புப் பள்ளம் பிறவியிலேயே தட்டையாக இருக்கலாம். சில்லு இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே ஏறி இருக்கலாம். முட்டிக்குக் கீழே உள்ள அந்த எலும்பு மேடு பள்ளத்துக்கு நேராக இல்லாமல் வெளிப்பக்கம் தள்ளி இருக்கலாம். இந்தத் தூரம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சேர்ந்தே இருக்கும். நடக்கும்போது இரண்டு முட்டியும் தட்டிக்கொள்கிற கால் அமைப்பும், தொடை எலும்பு உள்பக்கம் முறுக்கி இருப்பதும் இந்த வம்பைக் கூட்டிவிடும்.

இவற்றோடு ஒரு 'ஜவ்வு' சமாச்சாரமும் உண்டு. நம் ஊரில் மூட்டுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஜவ்வு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. தேய்கிற ஜவ்வு வேறு, கிழிகிற ஜவ்வு வேறு. எலும்பு நுனியில் வழுவழுப்பாகப் பூசின மாதிரி இருப்பது குருத்தெலும்பு. அதுதான் தேய்வது. எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் வேறு. சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு நார் இருக்கிறது. முதல் தடவை சில்லு விலகும்போதே பெரும்பாலும் அது கிழிந்துவிடும். பூக்காரம்மாவுக்கு 15 வயதில் கிழிந்தது அதுதான். இப்போது தேய்ந்திருப்பது குருத்தெலும்பு. "ஜவ்வு போச்சு" என்று டாக்டர் சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்பதில் தப்பே இல்லை.

படுத்த எக்ஸ்ரே மட்டும் போதாது

படுக்க வைத்து முன்னாலிருந்து எடுக்கும் ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்து இந்தப் பிரச்சினையை முடிவு செய்ய முடியாது. சில்லு தொடை எலும்போடு ஒட்டித் தெரிவதால் அதன் பின்புறம் அதில் தெரியாது. நிற்க வைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முட்டியை மடக்கி வைத்துச் சில்லும் பள்ளமும் தெரிகிற மாதிரி ஒன்று என எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை 'ஸ்கைலைன் வியூ' என்பார்கள். சில்லு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

எலும்பு மேடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளக்க சிடி ஸ்கேன், குருத்தெலும்பின் நிலையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஆபரேஷன் என்று முடிவானால் இவை தேவைப்படும். மாத்திரையில் சரியாகும் கட்டத்தில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை.

ஆபரேஷன் இல்லாமல் முடியாதா?

நிறைய பேருக்கு முடியும். தொடையின் முன்பக்கத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியை மூணு மாசமாவது விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். எடையில் 5 கிலோ குறைந்தால் படி ஏறும்போது சில்லின் மேல் சுமார் 15 கிலோ பாரம் குறைகிறது. தரையில் குந்துவதற்குப் பதில் ஸ்டூல், மேற்கத்திய கழிப்பறை, அது இல்லாத வீட்டில் அதற்கென விற்கும் கமோடு நாற்காலி என்று மாற்றிக்கொண்டாலே சிலருக்குப் பாதி வலி போய்விடும். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். தேய்ந்தது அதனால் வளர்ந்துவிடாது.

இதையெல்லாம் செய்தும் சில்லு நழுவிக்கொண்டே இருந்தால், ராத்திரி தூக்கம் கெட்டால், வேலைக்குப் போக முடியாவிட்டால் அப்போதுதான் கத்தி.

எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதற்கேற்ற ஆபரேஷன்

தேய்மானம் ஆரம்பக் கட்டத்தில் இருந்து நழுவுவதே முக்கியப் பிரச்சினை என்றால், மூட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கிழிந்துபோன உள்பக்க நாருக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் புதுசாகக் கட்டிவிடுகிறார்கள்.

எலும்பு மேடு வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் அதை அப்படியே ஒரு துண்டாக அறுத்து, உள்பக்கமும் கொஞ்சம் முன்பக்கமும் நகர்த்தி ஸ்க்ரூ போடுவது உண்டு. அமெரிக்க டாக்டர் ஜான் ஃபுல்கர்சன் 1983-ல் எழுதிய முறை இது. உள்ளே நகர்த்துவதால் சில்லு நேராக ஓடும். முன்னே நகர்த்துவதால் தேய்ந்த இடத்தின் மேல் விழும் பாரம் குறையும். ஒரே ஆபரேஷனில் இரண்டு லாபம். ஆனால் ஒரு நிபந்தனை. தேய்மானம் சில்லின் வெளி ஓரத்திலோ கீழ்ப்பகுதியிலோ இருந்தால்தான் இது பலன் தரும். உள் ஓரமோ மேல் பகுதியோ தேய்ந்தவருக்கு இதைச் செய்தால், பாரத்தைக் கொண்டுபோய்த் தேய்ந்த இடத்திலேயே வைத்த மாதிரி ஆகிவிடும்.

வெளிப்பக்க நாரை மட்டும் அறுத்துவிட்டு அனுப்புகிற ஒரு முறை முன்பு பரவலாக இருந்தது. சின்னத் துளை, ஒரே நாளில் வீடு. ஆனால் நழுவுகிற சில்லுக்கு அது மட்டும் தீர்வாகாது என்பது பிறகு தெரிந்தது. சிலருக்குச் சில்லு எதிர்ப்பக்கம் நழுவ ஆரம்பித்ததும் உண்டு. இன்று மற்ற ஆபரேஷனோடு சேர்த்துத் தேவையான அளவு மட்டும் செய்கிறார்கள்.

"சனியன் பிடிச்ச சில்லு, அதையே எடுத்து வீசிடுங்க டாக்டர்" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படியும் செய்தார்கள். சில்லு போனால் தொடைத் தசையின் இழுவை பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அந்த ஆபரேஷன் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

சில்லும் பள்ளமும் மட்டும் முழுசாகத் தேய்ந்து, மூட்டின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால் அரை மூட்டு மாற்று என்று ஒன்று இருக்கிறது. தொடை எலும்புப் பள்ளத்தில் ஒரு உலோகத் தகடு, சில்லின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் பட்டன். தகட்டிலேயே நல்ல பள்ளம் வார்த்திருப்பதால், பிறவியிலேயே பள்ளம் தட்டையாக இருந்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. டென்மார்க்கில் 100 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இதையும் இன்னொரு பிரிவுக்கு முழு மூட்டு மாற்றையும் செய்து பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. முதல் இரண்டு வருடத்தில் அரை மூட்டுக்காரர்களுக்குக் கால் நன்றாக மடங்கியது, வலியும் சீக்கிரம் குறைந்தது.

குறையும் உண்டு. மீதி மூட்டு பிற்பாடு தேய்ந்தால் முழு மூட்டு மாற்ற வேண்டி வரும். ருமாட்டாய்டு போன்ற வாத நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதும் இல்லை.

பூக்காரம்மா மாதிரி 40 வருடம் தள்ளிப்போட்டு, சில்லோடு சேர்ந்து மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு முழு மூட்டு மாற்றுதான் வழி. ஆனால் அது சாதாரண மூட்டு மாற்று மாதிரி நேர்வழியில் போகிற ஆபரேஷன் அல்ல. தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் பொருத்துகிற உலோகம் சில டிகிரி உள்பக்கம் திரும்பினால்கூடப் போதும், சில்லு வெளியே தள்ளப்படும். பல வருடமாக வெளியே இழுபட்டுக் கிடந்ததால் வெளிப்பக்க நார் சுருங்கி இறுகியிருக்கும், உள்பக்கம் தளர்ந்து தொங்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இழுத்துத் தைக்க வேண்டும். அப்படியும் சில்லு நடுவில் ஓடாவிட்டால் எலும்பு மேட்டையும் நகர்த்த வேண்டியிருக்கும். தையல் போடுவதற்கு முன் டேபிளிலேயே காலை மடக்கி நீட்டிச் சில்லு கையால் பிடிக்காமலே நேராக ஓடுகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பது இதனால்தான்.

அதனால் ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், என் சில்லு ஏன் நழுவுது? அதையும் இதே ஆபரேஷன்ல சரி பண்ணுவீங்களா?" சின்ன வயதில் எத்தனை தடவை நழுவியது, முன்பு கட்டு போட்டதா, ஆபரேஷன் ஆனதா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பழைய கதையைச் சொல்லாததால் டாக்டர் அதைச் சாதாரணத் தேய்மானமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

பணத்துக்கு என்ன வழி?

மூட்டு மாற்று என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்ற பயம் இன்னும் போகவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த விலை 54 ஆயிரத்து 720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் இதே மூட்டு சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. இது மூட்டுக்கான விலை மட்டுமே. தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் பீஸ், ரூம் வாடகை எல்லாம் வேறு. பில்லில் மூட்டின் விலை தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவரவர் உரிமை.

தமிழ்நாட்டில் முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரமாக 2022-ல் உயர்த்தப்பட்டது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்ட்டரில் விசாரிக்கலாம். 104 எண்ணுக்கு போன் செய்தும் வழி கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வருமானச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

என்ன ஆபத்து?

100 பேரில் ஒருவர், இருவருக்குப் புது மூட்டில் கிருமி தொற்றலாம். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் வந்துவிட்டால் பெரிய தொல்லை. மூட்டைக் கழற்றிக் கழுவி மறுபடி வைக்கிற நிலைமைகூட வரும். அதனால்தான் சர்க்கரை கட்டுக்குள் வரும் வரை ஆபரேஷன் தேதி தருவதில்லை. சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று எதுவானாலும் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். "சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கு" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது தன் காலுக்கே வைக்கிற வேட்டு. காலில் ரத்தம் உறைவது, மூட்டு இறுகிப்போவது, நகர்த்தி வைத்த எலும்பு சேர நாளாவது ஆகியவையும் நடக்கக்கூடியவை.

எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. பல நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, முழு மூட்டு மாற்று செய்தவர்களில் 100-க்கு சுமார் 82 பேருக்கு அது 25 வருடம் தாங்குகிறது.

பேத்திக்கும் நழுவினால்?

தட்டைப் பள்ளம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பூக்காரம்மாவின் 13 வயது பேத்திக்கும் விளையாடும்போது சில்லு விலகினால் யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை. எண்ணெய்க் கட்டோ புத்தூர் கட்டோ, எதற்கு முன்பும் ஒரு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். விலகி உள்ளே போகும்போது சில்லின் ஓரத்தில் குருத்தெலும்பு ஒரு சின்னத் துண்டாக உடைந்து மூட்டுக்குள் விழுந்திருக்கலாம். அதை உடனே கவனித்தால் சில சமயம் திரும்பப் பொருத்த முடியும். விட்டுவிட்டால் மூட்டுக்குள் கல் மாதிரி உருண்டு மற்ற இடத்தையும் கீறும்.

உடைப்பு இல்லாத முதல் விலகலுக்குப் பெரும்பாலும் பயிற்சியே போதும். மறுபடி மறுபடி விலகினால் நார் கட்டும் ஆபரேஷன் செய்கிறார்கள். எலும்பு மேட்டை நகர்த்தும் ஆபரேஷனை மட்டும் வளர்கிற வயதில் செய்ய மாட்டார்கள். அந்த மேட்டில்தான் எலும்பு வளரும் இடம் இருக்கிறது. அதில் கை வைத்தால் முட்டி பின்பக்கமாக வளைந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முழு மூட்டு மாற்று மட்டும் செய்தவர்களைப் பெரும்பாலும் மறுநாளே வாக்கர் கொடுத்து நடக்க வைக்கிறார்கள். எலும்பு மேட்டையும் நகர்த்தியிருந்தால் கதை வேறு. எலும்பு சேரும் வரை சுமார் 6 வாரத்துக்கு ஊன்றுகோல் வேண்டும், முட்டிக்குப் பட்டை போட வேண்டும். பக்கத்து பெட்காரர் நாலாம் நாள் நடக்கிறாரே என்று பார்த்து இவரும் நடந்தால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும். அந்த 6 வாரத்துக்கு வீட்டில் யார் இருப்பார்கள், கடையை யார் பார்ப்பார்கள் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பூக்காரம்மா மறுபடி கடைக்குப் போகலாம். தரையில் அல்ல, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

படிக்கட்டு விஷயத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லித் தரும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். எப்போதும் ஒரு கை கைப்பிடியில்.